தார் பூசிய உத்தரம்

நானும் என் தாயும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஈசல் இறகு கூட்டியது.

1941, மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் மைசூரில் கோடையின் முதல் பெரிய மழை. அன்று சாயங்காலம் விளக்கு ஏற்றும் முன்பே வீட்டின் நடு அறை முழுவதும் ஈசல். அரை மணி நேரம் பறந்தன. பிறகு இறகை உதிர்த்துவிட்டு ஜோடி ஜோடியாகத் தரையில் ஊர்ந்தன. நான் விளக்குமாறு பிடித்தேன். அவள் முறம் பிடித்தாள்.

"மூச்சை மெதுவா உடுடா. நீ மூச்சு உட்டா மறுக்கா பறக்குது."

"ஜன்னலைத் திறக்கட்டுமா ஆத்தா?"

"தெறக்காதே. உச்சி வேளையிலயே நாந்தான் மூடி வெச்சேன். மூடுனாத்தானே எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியும்."

கதவும் ஜன்னலும் மூடிய அறை. விளக்கும் இல்லை. அந்த அறைக்குள் ஈசல் பறந்தால் அது வெளியிலிருந்து வந்த ஈசல் அல்ல. தரைக்கு அடியிலோ சுவருக்குள்ளோ கறையான் குடியிருக்கிறது என்று அர்த்தம். நான் ஓவர்சீயர் பரீட்சைக்குப் படித்தபோது இதை ஒரு வரியில் எழுதிக்கொண்டேன். அவளிடம் அதற்கு வேறு வரி இருந்தது.

"வெளக்குக்கு வர்ற ஈசல் ஒறம்பரை. வந்துட்டுப் போயிரும். ஊட்டுக்குள்ளாற இருந்து பொறப்படறவன் பங்காளி. அவனுக்கு இங்க பாத்தியதை இருக்குது."

மற்ற வருஷங்களில் பங்காளி இரண்டு கை இறகு உதிர்ப்பான். அந்த வருஷம் ஒன்றரை முறம்.

என் தாய் பெயர் சாமியாத்தாள். ஊர் கௌதள்ளி. பதினைந்து வயதில் கல்யாணம் ஆகி, புருஷனோடு மைசூருக்கு வந்தாள். அரண்மனையைப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த காலம். அவர் மண் வெட்டினார், அவள் சுமந்தாள். நான் பிறந்து இரண்டாம் வருஷம் பிளேக்கில் அவர் போய்விட்டார். அவர் முகம் எனக்குத் தெரியாது. அவள் ஊருக்குத் திரும்பவில்லை. ஏன் என்று ஒரு முறை கேட்டேன்.

"அங்க போனாலும் மண்ணுதான் சொமக்கோணும். இங்க சொமந்தா கூலி குடுக்கறான்."

இருபது வருஷத்துக்கு மேல் சுமந்தாள். உச்சந்தலையில் சும்மாடு வைத்த இடத்தில் முடி முளைப்பது நின்றுபோயிருந்தது. கோயிலுக்குப் போகும்போது மட்டும் முந்தானையால் அதை மூடிக்கொள்வாள்.

1912இல் நஜர்பாத்துக்குக் கிழக்கே காலி மனைகளைப் பிரித்து விற்றார்கள். ஒரு மனையை மட்டும் யாரும் வாங்கவில்லை. நடுவில் ஆள் உயரத்துக்குப் புற்று. வந்தவர்களெல்லாம் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அவள் அதில் நான்கு சுவருக்கான மண்ணைக் கண்டாள். கட்டட வேலை செய்தவர்களுக்குத் தெரியும், புற்றுமண்ணைப் போல் சுவருக்கு மண் கிடையாது. கறையான் ஏற்கனவே அரைத்துக் கொடுத்த மண். கல் இருக்காது, மழைக்கு வெடிக்காது.

எங்கள் ஆட்களிடம் ஒரு முறை உண்டு. வீடு கட்டப் புற்றை வெட்டலாம். ஆனால் தரைக்கு மேல் ஒரு சாண் விட்டுவிட வேண்டும். மாதேஸ்வரன் மலையில் சாமி இருப்பது புற்றில், அதனால் அடியைத் தொடக்கூடாது. அடியையும் எடுத்தே ஆக வேண்டும் என்றால், முதலில் அதிலிருந்து ஒரு பிடி மண்ணை மலைக்குக் கொண்டுபோய்ச் சாமி காலடியில் போட்டுவிட்டு வர வேண்டும். அதற்குப் பிறகுதான் கடப்பாரை.

ஏழு வயதுப் பையனை வைத்துக்கொண்டு அவளால் அப்போது மலைக்குப் போக முடியவில்லை. ஒரு சாண் விட்டாள். அதன் மேல் ஒரு பலகைக் கல்லைப் போட்டாள். சுற்றிச் சுவர் எழுப்பினாள். புற்றடி வீட்டின் நடு அறைக்குள் வந்துவிட்டது. திங்கட்கிழமை தோறும் கல்லின் மேல் பால் ஊற்றுவாள். பக்கத்தில்தான் பாய் விரித்துப் படுப்பாள்.

இதைக் கேட்டு அவளை விவரம் இல்லாதவள் என்று நினைத்துவிடக் கூடாது. விடிந்ததும் வாசல் தெளிக்கும் முன் ஒரு மொட்டை அரிவாளோடு சுவர் ஓரமாகவே ஒரு சுற்று வருவாள். கறையான் வெளிச்சத்தில் நடக்காது. சுவரில் விரல் அகலத்துக்கு மண்ணால் ஒரு வழி கட்டிக்கொண்டு அதற்குள்தான் ஏறும். அந்த மண் வழியை எங்கே கண்டாலும் சுரண்டிவிட்டு அந்த இடத்தில் அடுப்புச் சாம்பலைத் தேய்ப்பாள். விறகைச் சுவரில் சாய்க்க விடமாட்டாள். பெட்டிக்கு அடியில் செங்கல். அமாவாசைக்கு அமாவாசை கவிழ்த்த உரலின் மேல் ஏறி நின்று, உத்தரத்தை உலக்கை முனையால் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை தட்டிக்கொண்டே போவாள். சத்தம் எங்காவது மங்கினால் அங்கே மரத்தைக் கீறிப் பார்ப்பாள். பத்தொன்பது வருஷம் அப்படித்தான். ஒரு கைமரம்கூட விழவில்லை.

பக்கத்து வீட்டு ஐவி, மிஷன் பள்ளிக்கூட டீச்சர், ஒரு நாள் எங்கள் வாசலில் நின்று கத்தினாள்.

"சாமியம்மா! எங்க வீட்டு ஜன்னல் பூரா ஈசல்! ஓடி வாங்க, மரமெல்லாம் போச்சு!"

என் தாய் போய் ஒன்றைப் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"அட போ டீச்சரு. இது றெக்கை மொளைச்ச எறும்பு. இடுப்பைப் பாரு. எறும்புக்கு இடுப்பு இருக்கும், உன்னாட்ட. ஈசலுக்கு இடுப்பே இருக்காது, என்னாட்ட. றெக்கையும் நாலும் ஒரே நீளமா இருக்கும்."

"நிஜமாவா? ஒண்ணும் ஆகாதா?"

"சக்கரை டப்பாவை மட்டும் மூடி வெய்யி."

1926இல் நான் ஓவர்சீயர் ஆனேன். பெங்களூரில் படித்து முடித்து வந்த முதல் வாரமே அவளை உட்கார வைத்துச் சொன்னேன். கல்லுக்குக் கீழே ராணி ஒன்று இருக்கிறது. நீ சுரண்டுவது பிள்ளைகளை. தாய் கீழே பத்திரமாக முட்டையிட்டுக்கொண்டிருக்கிறது. தோண்டி அதை எடுக்காத வரைக்கும் இந்த வீட்டுக்கு விடிவு கிடையாது.

"மகாராசா இருக்கற ஊருல ராணி இருக்கத்தான்டா செய்வா."

"சிரிக்காதே ஆத்தா. வாரத்துக்கு ஒரு தரம் அதுக்குப் பால் வேற ஊத்தறே."

"பெத்தவளுக்குப் பால் ஊத்துனா தப்பா? நீ எனக்கு ஊத்தமாட்டியா?"

அப்போது கோபம் வந்தது. எழுந்து போய்விட்டேன்.

1931இல் அவளுக்குச் சொல்லாமல் தொட்டையனைக் கடப்பாரையோடு அழைத்து வந்தேன். கிணறு வெட்டுகிறவன், இந்த ஊர்க்காரன், கன்னடம்தான் பேசுவான், தமிழ் புரியும். அவள் அவனை உட்கார வைத்து மோர் கொடுத்தாள். அவன் பிள்ளைகளைப் பற்றி ஒவ்வொன்றாக விசாரித்தாள். பிறகு கேட்டாள்.

"தொட்டையா, மண்ணு இன்னும் மலைக்குப் போவலே. நீ இதைத் தொடுவியா?"

அவன் என்னைப் பார்த்தான். டம்ளரைக் கீழே வைத்தான். போய்விட்டான். கடப்பாரையைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த ஆத்திரத்தில்தான் தார் பூசினேன். தோண்ட விடாவிட்டால் மரத்தையாவது காப்பாற்றுகிறேன் பார் என்று. மூன்று நாள் வேலை. உத்தரம், கைமரங்கள், நிலைக்கால், சுவர் அடியில் ஒரு முழம். இரண்டு பூச்சு. காய்ச்சிய தார், தூரிகை, எல்லாம் நானே. அவள் முதல் நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூன்றாம் நாள் ஐவி டீச்சரைக் கூட்டி வந்து காட்டினாள்.

"பாரு டீச்சரு. என்ற மவன் ஊட்டுக்கு மை தீட்டியிருக்கான்."

மறுநாள் காலையில் அரிவாளோடு சுவர் ஓரம் குனிந்தவளை நான் தடுத்தேன்.

"இனிச் சுரண்டாதே ஆத்தா. தார் பேந்துரும். உத்தரத்தையும் உலக்கையால இடிக்காதே. அது பாத்துக்கும்."

அவள் அரிவாளை எரவாணத்தில் செருகினாள். அதற்குப் பிறகு எடுக்கவில்லை. வாழ்நாளில் அவள் மறு பேச்சில்லாமல் என் சொல்லைக் கேட்டது அந்த ஒரு விஷயத்தில்தான்.

பத்து வருஷம் போயிற்று. எனக்கு ஊர் ஊராக மாற்றல். கல்யாணம், குவார்ட்டர்ஸ். அவள் அந்த வீட்டை விட்டு வரமாட்டேன் என்றாள். வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை வருவேன். வந்ததும் நிமிர்ந்து பார்ப்பேன். தார் கறுப்பாக, பளபளப்பாக இருக்கும். கண்ணுக்கு அது போதுமானதாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, இறகுகளைக் குப்பையில் கொட்டிவிட்டு வந்ததும், அவள் ஈசலை வாணலியில் வறுத்து அரிசிப் பொரியோடு கலந்து வைத்தாள். இரண்டு பேரும் ஒரே முறத்திலிருந்து எடுத்துத் தின்றோம். தின்றுகொண்டே அவளாகச் சொன்னாள்.

"ஒண்ணரை மொறம். அவன் குடும்பம் பெருத்துப்போச்சுடா. இனி ஊடு தாங்காது. நோண்டிரலாம்."

நான் இன்னொரு பிடி பொரியை வாயில் போட்டுக்கொண்டேன். பேசினால் மாற்றிக்கொள்வாளோ என்று இருந்தது.

அவள் போய்ப் பலகைக் கல்லின் ஓரத்தைக் கடப்பாரையால் நெம்பினாள். தொட்டையன் விட்டுப்போன அதே கடப்பாரை. அடியிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்தாள். பழைய சேலைத் துண்டில் கொட்டி மூன்று முடிச்சுப் போட்டாள்.

"நாளைக்குத் திங்கக்கெழமெ. வெடியால கொள்ளேகாலம் பஸ்ஸு இருக்குது. போட்டுட்டு நாலு நாள்ல வந்தர்றேன். நீ தொட்டையனுக்குச் சொல்லி வெய்யி."

"அந்த முழங்காலை வெச்சுக்கிட்டு மலை ஏறுவியா? இரு. நான் லீவு போட்டுட்டு வர்றேன், ரெண்டு பேரும் போலாம்."

"நீயா? மலைக்கா?" அவள் சிரித்தாள். "ஓவர்சீயரு சாமிக்குக் கால் நோவாதா?"

"இருன்னா இரு."

முழங்காலைச் சொன்னேன். உண்மைக் காரணம் அது இல்லை. பதினைந்து வருஷச் சண்டையில் அவள் இறங்கி வந்துவிட்டாள். அவள் அந்த மண்ணைப் போடுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று இருந்தது. இதை எழுதாமல் விட்டால் மற்றதை எழுதி ஒன்றும் ஆகப்போவதில்லை.

மூட்டையை மேற்குச் சுவர் ஆணியில் மாட்டினாள். பிறகு அண்ணாந்து பார்த்துக் கேட்டாள்.

"நீ வர்ற வரைக்கும் உத்தரம் நிக்குமாடா?"

நான் என் கைத்தடியால் தட்டினேன். மூன்று தட்டு. கணீர் என்றது.

"இன்னும் பத்து வருஷம் நிக்கும்."

"நீ தட்டுனாச் செரி."

நான் தட்டியது உத்தரத்தின் நடுவில். நின்ற இடத்திலிருந்து கைத்தடிக்கு எட்டியது அதுதான். கறையான் உத்தரத்துக்குள் ஏறுவது சுவருக்குள் புதைந்திருக்கும் முனையில். அங்கே தார் போகாது, தூரிகை போகாது. மரத்தைச் சோதிக்கிறவன் முதலில் முனையைச் சோதிக்க வேண்டும். என் கீழே வேலை பார்த்தவர்களுக்கு இதை எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. அவள் உரலின் மேல் ஏறிச் சுவரிலிருந்து சுவர் வரை தட்டியதும் அதற்குத்தான்.

அப்போது எனக்கு மண்டியாவுக்கு அப்பால் கால்வாய் வேலை. வீட்டிலிருந்து முப்பது மைல். மேலதிகாரி பார்வையிட வருகிறார், பொறு என்று ஒரு கடிதம் எழுதினேன். மழை பிடித்துக்கொண்டது, கரையைப் பார்க்க வேண்டும், அடுத்த மாதம் வருகிறேன் என்று இன்னொன்று. அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஐவி டீச்சர் படித்துக் காட்டினாள். இரண்டாம் கடிதத்தைக் கேட்டுவிட்டு அவள் சொன்னதை டீச்சர் பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

"கையெழுத்து நல்லாத்தான் வருது. காலுதான் வரமாட்டேங்குது."

மே மாத ஈசலுக்கும் ஜூன் பதினெட்டுக்கும் நடுவில் ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன. எதிலும் நான் போகவில்லை.

ஜூன் பதினெட்டு, புதன்கிழமை. நான்கு நாளாக மழை. ஓடுகள் நனைந்து கனத்திருந்தன. மத்தியானம் மூன்று மணி சுமாருக்கு உத்தரம் கிழக்கு முனையில் விட்டது. அவள் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். டீச்சர் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்திருக்கிறாள். எனக்குத் தந்தி மறுநாள் காலையில் கிடைத்தது.

ஐவி டீச்சர் என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"லிங்கப்பன் சார், போன வாரம் பூரா மரத்துக்குள்ள ஏதோ கரகரன்னு கேக்குதுன்னு சொன்னாங்க. உலக்கையை எடுத்துட்டு வந்து உரல் மேல ஏறி நின்னாங்க. நானே பார்த்தேன். அப்புறம் இறங்கிட்டாங்க."

"ஏன்?"

"'தார் உதுந்தா அவன் வைவான்'னாங்க. எங்க வீட்டுல வந்து படுங்கம்மான்னேன். 'என்ற மவன் தட்டிப் பாத்துட்டுப் போயிருக்கான், அவன் படிச்சவன்'னுட்டாங்க. நானும் விட்டுட்டேன், சார். நீங்க படிச்சவர்தானே."

அவளை அடக்கம் செய்த மூன்றாம் நாள் உத்தரத்தைப் பார்த்தேன். கிழக்கு முனை, சுவருக்குள் ஒன்பது அங்குலம். வெளியே தோலாகத் தார், அதோடு ஒட்டித் தீக்குச்சி கனத்துக்கு மரம். உள்ளே மரம் இருந்த இடத்தில் கறையான் மண். விரலை வைத்து அழுத்தினேன். கை மணிக்கட்டு வரை போயிற்று. சுவரை விட்டு வெளியே மூன்று அடி தூரம் அப்படியே. அதற்கு மேல் மரம் கெட்டி. நடுப்பகுதியில் ஒரு குறையும் இல்லை. தாரில் ஒரு வெடிப்புக்கூட இல்லை. பூச்சு சுத்தமாக இருந்தது.

அவள் எழுப்பிய சுவர் நான்கும் நின்றன. கோட்டம் இல்லை, கீறல் இல்லை.

தொட்டையனுக்கு ஆள் அனுப்பினேன். வந்தான். வயதாகியிருந்தது. ஓடுகளை ஒதுக்கிக் கல்லைப் புரட்டினான். கடப்பாரையைக் கையில் எடுத்தவன் நின்றுவிட்டான். மலைக்கு மண் போயிற்றா, சாமி, என்று கன்னடத்தில் கேட்டான்.

போயிற்று என்றேன்.

அவன் கும்பிட்டுவிட்டுத் தோண்டினான். இரண்டரை அடியில் கடற்பஞ்சைப் போல் கூடுகள் வந்தன. அதற்குக் கீழே, கெட்டியான ஒரு மண் அறைக்குள், அது இருந்தது. என் நடுவிரல் நீளம். வெள்ளை. நகர முடியாது, ஆனால் உடம்பு அலை அலையாக அசைந்துகொண்டிருந்தது. தொட்டையன் அதை ஒரு இலையில் எடுத்து வைத்து என்னைப் பார்த்தான். நான் மண்ணெண்ணெய் டின்னைக் காட்டினேன். அவன் செய்யவில்லை. நான் செய்தேன்.

வீட்டை விற்கவில்லை. கூரை போட்டாகிவிட்டது. இந்த முறை உத்தரத்தின் முனைகள் கல்லின் மேல் உட்கார்ந்திருக்கின்றன, நான்கு பக்கமும் கை நுழைகிற இடைவெளி விட்டு. தார் இல்லை. அரிவாள் பழைய இடத்தில் இருக்கிறது.

மேற்குச் சுவர் ஆணியில் மூட்டையும் இருக்கிறது. ஓடு விழுந்தபோது அதன் மேல் ஒன்றும் படவில்லை. மூன்று முடிச்சும் அவள் போட்டபடியே. கொள்ளேகாலம் பஸ் விடியற்காலையில் இருக்கிறது. அங்கிருந்து ஹனூருக்கு வண்டி கிடைக்கும். கௌதள்ளியைத் தாண்டி நடக்க வேண்டும். தொட்டையன் வழியில் பார்க்கும்போதெல்லாம் கும்பிடுகிறான். மண் போயிற்று என்றுதான் அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான்.